காந்தம் ஒட்டவில்லை என்றால் வெள்ளியா?

தாமிரபரணி மணலில் மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழைய நாணயம் தேடுவோரிடையே வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: “காந்தம் ஒட்டாவிட்டால் வெள்ளி, புளி போட்டுத் தேய்த்தால் விலை ஏறும்.” இரண்டுமே தவறு.

செம்பு, பித்தளை, ஈயம், ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை) எதிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் வெள்ளி இல்லை என்று மட்டும் சொல்லலாம்; 1947 நிக்கல் ரூபாய் அப்படித்தான் மாட்டும்.

எடையும் நீரும்தான் சரியான சோதனை. விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்குங்கள். தராசு சுமார் 1.13 கிராம் காட்ட வேண்டும்; இது நாணயம் விலக்கும் நீரின் எடை. 1.22 வந்தால் 1940-க்குப் பிந்தைய பாதி வெள்ளிக் கலவை, 1.3-ஐத் தாண்டினால் போலி. குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும், விரலால் தட்டிவிடுங்கள்.

புளி மேல்பரப்புச் செம்பை அரிக்கும். பழைய கருமை போனால் சேகரிப்பாளர் விலையைக் குறைப்பார். வெறும் தண்ணீர் போதும்.

ஆதிச்சநல்லூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் தோண்டுவது குற்றம். மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.