அப்பத்தாவும் ஊசிமிளகாயும்

பாட்டி என்றால் கோலமும் பக்திக் கதையும்தான் என்கிறது பாட்டிகளைப் பற்றிய உங்கள் கட்டுரை. ரங்கூனில் எங்கள் அப்பத்தாவைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள். கண்டாங்கிச் சேலை, கன்னத்தில் தனாக்கா (பர்மியப் பெண்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து), வாயில் பர்மா சுருட்டு! 1964ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று பர்மா அரசு அறிவித்தபோது தெருவே அழுததாம். இவரோ ஒளித்து வைத்திருந்த நோட்டைக் கொளுத்திச் சுருட்டைப் பற்றவைத்தாராம். (பெரியப்பா சொன்னது, கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார்.)

ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் தண்ணீர்த் திருவிழா வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. நம் சித்திரைப் பிறப்பும் அதை ஒட்டியே வரும். காலையில் கோயில், அப்புறம் வாசலில் வாளியோடு நிற்பார். வெல்லம் வைத்த அரிசிமாவு உருண்டைகளைக் கொதிநீரில் போட்டு, மிதந்ததும் அள்ளித் தேங்காய்ப்பூ தூவுவார். சிலவற்றில் மட்டும் வெல்லத்துக்குப் பதில் ஊசிமிளகாய். பர்மியர்களும் செய்கிற குறும்புதான், ஆனால் அப்பத்தா ஆள் பார்த்துக் கொடுப்பார். ஒரு சித்திரையில் அத்தையைப் பெண் பார்க்க வந்தவருக்கே கொடுத்துவிட்டார். மனிதர் கண்ணில் நீர் முட்ட விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டார். "இவன் தேறுவான்டி" என்று அத்தையிடம் சத்தமாகவே சொன்னார் அப்பத்தா. அவர்தான் எங்கள் மாமா.