முக்காலி இருந்தும் உட்கார முடியாதவர்கள்

பணியிட மன அழுத்தம் என்று பேச்செடுத்தாலே யோகாவும் மூச்சுப் பயிற்சியும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றால் பலனில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டையிலும் காலை முதல் இரவு வரை நின்றபடியே சேலை விரித்துக் காட்டும் பெண்களிடம் முதலில் கேட்க வேண்டியது, இன்று சற்றேனும் உட்கார்ந்தீர்களா என்பதுதான்.

1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழக அரசு 2021-இல் திருத்தியது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைநேரம் முழுவதும் அவர்களை நிற்கவைக்கக் கூடாது என்பது அத்திருத்தம். கேரளத்தில் இதே உரிமை 2018-இலேயே கிடைத்தது. கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள், 'பெண்கூட்டு' என்ற பெண்கள் அமைப்பைச் சேர்ந்த விஜி போன்றவர்களின் துணையோடு பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது.

சென்ற ஆடித் தள்ளுபடியின்போது ஒரு கடையில், கவுண்டருக்குப் பின்னால் முக்காலி இருந்ததைப் பார்த்தேன். அதன்மேல் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். சேலை எடுத்துப்போட்ட பெண் ஒரு காலை மாற்றி மறுகாலில் ஊன்றிக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் உக்காரேம்மா" என்றேன். "உக்காந்தா கேமராவுல தெரிஞ்சிரும்க்கா, சூப்பர்வைசர் வந்து ஏசுவாரு" என்றார், கை மடிப்பை விடாமலே.

அசையாமல் நெடுநேரம் நிற்பவர்களின் கால்களிலிருந்து ரத்தம் மேலேறுவது மந்தப்படும். நாளடைவில் ரத்த நாளம் சுருண்டு கெண்டைக்காலில் புடைத்துக்கொள்ளும். கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமலிருப்பவர்களைச் சிறுநீர்த் தொற்று எளிதில் பிடித்துக்கொள்ளும். இவற்றோடு, எடுத்துப்போட்ட முப்பது சேலையில் ஒன்றும் விலைபோகாவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல், பணியிடத்தில் தீராது நீடிக்கும் அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. ஆகவே அதற்கான மருந்தையும் கடைக்குள்ளேயே தேடுவதுதான் முறை.

"நாங்க நிக்கலையா?" என்று கேட்கும் அண்ணாச்சிகளை நான் மதிக்கிறேன். கடைப்பையனாக நின்றே முன்னுக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். ஆனால் நாளை சொந்தக் கடை வைக்கலாம் என்ற நம்பிக்கை அன்று அவர்களுக்கு இருந்தது. கடைசி பஸ்ஸில் முக்கூடலுக்கோ சேரன்மகாதேவிக்கோ போய்ச் சேர்ந்து, அதன்பிறகு வீட்டு வேலையும் பார்க்கும் பெண்ணுக்கு அப்படியொரு வழி கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த நிலையை மாற்றப் பெரிய செலவேதும் இல்லை. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு என்பது அந்தப் பழைய சட்டத்திலேயே இருக்கிறது. அதை முழுதாகக் கொடுக்க வேண்டும். முக்காலியின் மேலிருக்கும் பெட்டிகளை அகற்ற வேண்டும். கூட்டமில்லாத பிற்பகலில் உட்காரலாம் என்பதை முதலாளியே எல்லாரையும் வைத்துக்கொண்டு, குறிப்பாகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பவரையும் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது முக்காலி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அதில் யாராவது உட்காருகிறார்களா என்றும் அந்தப் பெண்களைத் தனியே கேட்க வேண்டும். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே இதெல்லாம் நடக்க வேண்டும்.