தெருவைப் பிடுங்கிக்கொண்டு பிள்ளைகளைத் திட்டாதீர்கள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கம் ஒட்டிய அந்த நோட்டீஸ் விவகாரம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அதன் படத்தைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே சமாதானம். “விடுங்க மேடம், அசோசியேஷன்னா அப்படித்தான்.” விட முடியவில்லை. வளாகத்துக்குள் பந்து கூடாது, சைக்கிள் கூடாது, மீறினால் பெற்றோருக்கு அபராதம் என்று லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அதில் கையெழுத்துப் போட்ட அதே பெரியவர், அதே வாரம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு போட்டார். “எங்கள் காலத்தில் தெருதான் மைதானம். இன்றைய பிள்ளைகளுக்கு போன்தான் உலகம். பாவம், குழந்தைப் பருவமே இல்லை.” கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அத்தனையும் நோட்டீஸுக்குச் சம்மதம் சொன்ன வீடுகள்.

சார், அந்தத் தெருவை எடுத்துக்கொண்டது யார்? பிள்ளைகளா?

சென்னையில் எந்த உட்தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் கார். ஒன்றிரண்டு உறை போட்டு, மாதக்கணக்கில் நகராமல் நிற்கும். நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் பைக்குகள் பறக்கும். கல்லா மண்ணா ஆடத் திண்ணை வேண்டும், பாண்டிக்குக் கட்டம் போடத் தரை வேண்டும். திண்ணையை இடித்து ஷட்டர் போட்டோம், தரையில் காரை நிறுத்தினோம். போன் வந்த பிறகு பிள்ளைகள் தெருவை விட்டுப் போகவில்லை. தெரு போன பிறகுதான் போனுக்குப் போனார்கள்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். (ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்) நிலம் என்பார்கள். ஆனால் 10,000 சதுர மீட்டர் வரைக்கும் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டவும் வழி உண்டு. பணத்தின் மேல் எந்தப் பிள்ளை பந்து விளையாடும்? 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன்னுடைய கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டதே, மறந்துவிட்டதா? ஊரே கத்திய பிறகு திரும்பப் பெற்றார்கள். கத்தாமல் இருந்திருந்தால்?

“பிள்ளை கையில் போனைக் கொடுத்தது நீங்கள்தானே?” இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், வந்தும்விட்டது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. அதுவரை பாடம், டீச்சர், தோழி எல்லாமே அந்தக் கண்ணாடிக்குள்தான். பள்ளிக்கூடமே வாங்கித் தரச் சொன்ன போன் அது. பிறகு ஒருநாள் திடீரென்று “கீழே வை” என்கிறோம். வைத்துவிட்டு என் மகள் எங்கே போவாள்? கீழே இறங்கினால் நோட்டீஸ்.

கார் கண்ணாடி உடையும் என்கிறார்கள். உடைந்தால் நான் மாற்றித் தருகிறேன், போதுமா?

வயதானவர்கள் மதியம் தூங்க வேண்டும் என்பது நியாயம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை வேண்டாம் என்று எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும். அப்படியா எழுதினார்கள்?

“எங்கள் காலம்” என்ற பேச்சுக்கு வருகிறேன். அதுதான் உள்ளே குத்துகிறது.

நான் கோவில்பட்டிக்காரி. என் வயதுக்காரர்கள் எழுதும் பம்பரம், கோலிக்குண்டு, மாங்காய் திருடின கதையெல்லாம் எங்கள் தெருவிலும் நடந்தது. அதே தெருவில், விடிவதற்கு முன்னால், தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியோடு ஏறுகிற பிள்ளைகளில் என்னைவிடக் குட்டையானவர்கள் இருந்தார்கள். 1986இல் சட்டம் வந்து தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலையை அந்தச் சட்டம் தொடவில்லை. எதிர்வீட்டு அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பசைக் கிண்ணத்தின் முன்னால் உட்காருவாள். மெல்லிய மரச்சில்லை மடித்து, நீலத்தாளைச் சுற்றி, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு. அடுத்தது. குரோஸ் கணக்கில்தான் கூலி, ஒரு குரோஸ் 144 பெட்டி. தட்டாங்கல் ஆடக் கூப்பிட்டால் நிமிராமலே “இந்தக் குரோஸ் முடிச்சிட்டு வாரேன்” என்பாள். முடிப்பதற்குள் இருட்டிவிடும். விரல் இடுக்கில் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும், அந்தக் கையால்தான் வீட்டுப்பாடமும் எழுதுவாள்.

அவளுடைய குழந்தைப் பருவம் எந்த ஃபார்வர்டில் வருகிறது?

“நெகட்டிவ்வா பேசாதீங்க” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, நல்லதும் சொல்கிறேன், கேளுங்கள். 1982இல் வந்த சத்துணவு, எங்கள் ஊரில் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் பிடித்து வைத்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ ஒரு பிள்ளையையும் தாக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் வாத்தியார் அடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டது. 2022இலிருந்து அரசுப் பள்ளியில் காலைச் சாப்பாடும் போடுகிறார்கள். இத்தனையும் இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். இவ்வளவு கொடுக்க முடிந்த நமக்கு, பந்து உருட்ட ஒரு மூலை கொடுக்க மனசு வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். “நாங்க எல்லாரும் தெருவிலதான் வளர்ந்தோம்” என்று எழுதுகிறவர்களில் பெரும்பாலும் ஆண்கள். எனக்குத் தெரு ஏழாம் வகுப்போடு முடிந்தது. பெரியவளாகிவிட்டேன் என்று சடங்கு வைத்தார்கள், அதோடு சரி. என் அண்ணன் அடுத்த நாளும் வெளியே போனான், ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வந்தான். நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டதற்கு ஆச்சி, “பொம்பளப் பிள்ளைக்கு என்னட்டி தெருவுல வேல?” என்றாள். பதில் அவ்வளவுதான். ஓடுகிற உடம்பு அப்படியே நின்றுபோனது. அந்த வருத்தம் இந்த வயதிலும் எனக்கு ஆறவில்லை, இதை எழுதும்போதுகூட.

அதனால்தான் என் மகள் அந்த நோட்டீஸைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பந்தை ஷூ ரேக்குக்குப் பின்னால் வைத்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அன்றைக்கு மானம் என்று சொல்லி என்னை உள்ளே கூப்பிட்டார்கள். இன்றைக்குப் பெயிண்ட் கெட்டுப்போகும் என்று அவளைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு தடவையும் முடிவெடுத்தது பெரியவர்கள். பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பழைய காலத்தைப் பற்றி எழுதும் அண்ணன்மார்களே, எழுதுங்கள், தடுக்கவில்லை. எழுதுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு அக்கா தங்கச்சிக்கு ஒரு போன் போட்டு, எத்தனை வயது வரைக்கும் தெருவில் விளையாடினாய் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.