இரண்டாம் பாதியில் டிரம்பெட் ஏன் தடுமாறியது?

பித்தளை ஊதுகருவி ஐவர் குழுவின் கச்சேரி பற்றிய உங்கள் விமர்சனக் கட்டுரை, பயிற்சிக் குறைவுதான் காரணம் என்று சொல்கிறது. நிகழ்ச்சி வரிசையையும் பாருங்கள். இரண்டு டிரம்பெட், ஹார்ன், டிரம்போன், டூபா என ஐவர் வாசிக்கும் குழுவில் (1970இல் டொராண்டோவில் தொடங்கிய கனேடியன் பிராஸ் இந்த அமைப்புதான்) சிம்பொனியில் போல நீண்ட ஓய்வு கிடையாது. உதடு களைத்ததும் மவுத்பீஸை (உதட்டில் வைத்து ஊதும் பகுதி) அழுத்துவார்கள். ரத்த ஓட்டம் குறையும், உச்ச ஸ்வரம் உடையும். பிக்கோலோ டிரம்பெட் (உச்ச ஸ்வரங்களுக்கான சிறிய டிரம்பெட்) கேட்கும் பாரோக் காலத்து (17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய) உருப்படிகளை முதல் பாதியிலேயே முடித்துவிட வேண்டும்; கடைசியில் வைத்தது தவறு.

ஜாஸ் உருப்படியில் டிரம்பெட்டின் சுருதி ஏறியதற்கு ஹார்மன் மியூட்டே (ஒலியை மாற்ற டிரம்பெட்டின் அகன்ற வாயில் செருகும் உலோக அடைப்பான்) காரணமாக இருக்கலாம். அதன் கார்க் அந்த வாயைச் சுற்றிலும் அடைப்பதால் சுருதி கூடும். டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க நகர்த்தும் குழாய்) சற்று வெளியே இழுக்க வேண்டும். மியூட்டை எடுத்ததும் திரும்பத் தள்ள மறந்தால் அடுத்த பாட்டு முழுக்க இறங்கியே ஒலிக்கும். இது அடிக்கடி நடக்கும்!

ஹார்ன் தாளத்துக்குப் பின்தங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஒலி வெளியேறும் அதன் அகன்ற வாய் பின்பக்கம் பார்க்கிறது. பின்சுவர் 3 மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி 6 மீட்டர் கூடுதலாகப் பயணிக்கும், சுமார் 17 மில்லி செகண்ட் தாமதம். கோரல் எனும் மெதுவான பாடல் வகையில் தெரியாது, ஸ்விங் எனும் ஜாஸ் தாளநடையில் காதில் குத்தும். பின்னால் திரைச்சீலை இருந்தால், அதற்குப் பதில் நெருக்கமாக ஒரு மரப்பலகை வைத்தாலே பாதி சரியாகும்.