படையைப் பெருக்கியது துப்பாக்கி மட்டுமா?
துப்பாக்கியும் பீரங்கியைத் தாங்கும் கோட்டைகளும் வந்ததால்தான் ஐரோப்பியப் படைகள் பெருத்தன என்று நான் படித்த ஒரு கட்டுரை அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1494-ல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் ஏறத்தாழ 25,000 பேருடன் இத்தாலிக்குள் நுழைந்தார். 1690-களில் இன்னொரு பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை, காகிதக் கணக்கில், 4 லட்சம். புது ஆயுதத்துக்கு ஆள் தேவைப்பட்டது, சரி. அத்தனை பேருக்குச் சோறு போட்டது யார்? 1625-ல் வாலன்ஸ்டைன் என்ற தளபதி புனித ரோமானியப் பேரரசருக்காகப் படை திரட்டியபோது கஜானாவில் பணம் இல்லை. படை தங்கிய ஊர்களிடம் பணமும் தானியமும் கட்டாயமாக வசூலித்துத்தான் அதை வளர்த்தார். பிரான்சில் லூயியின் போர் அமைச்சர்களான லெ டெலியேவும் அவர் மகன் லூவுவாவும் தானியக் கிடங்குகள் அமைத்து, கணக்குப் பார்க்க அதிகாரிகளை அனுப்பிய பிறகே அவ்வளவு பேரை வைத்துச் சமாளிக்க முடிந்தது. அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் அந்த 4 லட்சத்தை அப்படியே நம்பியிருக்கிறார். களத்தில் நின்றவர்கள் அதைவிடக் குறைவு. தலை எண்ணும் நாளில் மட்டும் யாரையாவது பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டு, இல்லாத சிப்பாய்களின் சம்பளத்தைக் கேப்டன்கள் எடுத்துக்கொண்டார்கள். பிடிபட்ட போலிச் சிப்பாயின் மூக்கை அறுக்கும் அளவுக்குத் தண்டனை போனது. படைகளுக்கு ஆள் கொடுத்த ஊர்களைப் பற்றி, எனக்கு மனசு ஆறாத கணக்கு இன்னொன்று உண்டு. வடக்கு ஸ்வீடனில் பிக்டியோ என்ற சிறிய ஊர், 1621 முதல் 1639 வரை போலந்துக்கும் ஜெர்மனிக்கும் போரிட 230 இளைஞர்களை அனுப்பியது. அவர்களில் 215 பேர் அங்கேயே இறந்தார்கள், 5 பேர் ஊனமாகித் திரும்பினார்கள். 1639-ல் அந்த ஊரில் படைக்கு எடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் 15 வயதுப் பையன்கள்.