ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்த பிறகு ஸ்கேன் தேவையில்லையா?

"வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்துவிட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை, அப்புறம் ஸ்கேன் எடுக்கச் சொல்வது பணம் பறிக்கத்தான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. நம்பினால் உயிருக்கே ஆபத்து.

இந்தச் சிகிச்சையில், உடலின் மிகப் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் வீங்கிய பகுதியை வெட்டி எடுப்பதில்லை. தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியாக, ஸ்டென்ட் கிராஃப்ட் எனும் துணி போர்த்திய உலோகக் குழாயை உள்ளே கொண்டுபோய் விரிக்கிறார்கள். ரத்தம் அதற்குள் ஓடுகிறது. பை போல வீங்கிய பகுதி அந்தக் குழாய்க்கு வெளியே அப்படியே இருக்கிறது. குழாயின் ஓரம் நழுவினாலோ, சிறு கிளைக்குழாய் வழியாக ரத்தம் பின்னோக்கி வந்தாலோ பை மறுபடி பெருக்கும், வெடிக்கவும் கூடும். இந்தக் கசிவுகளில் பல வலியே தராது. ஸ்கேனில்தான் தெரியும்.

பிரிட்டனில் 1999 முதல் 2004 வரை 1,252 பேரைச் சேர்த்து, ஸ்டென்ட் கிராஃப்டையும் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையையும் ஒப்பிட்ட ஈவார்-1 ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முதல் 30 நாளில் இறந்தவர்கள் ஸ்டென்ட் கிராஃப்டில் 1.8 சதவீதம், வயிற்றைத் திறந்த அறுவையில் 4.3 சதவீதம். பெரிய ஆதாயம்தான். ஆனால் 8 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டென்ட் கிராஃப்ட் குழுவில்தான் இறப்பு அதிகம். பை பின்னாளில் வெடித்தது முக்கியக் காரணங்களில் ஒன்று.

சிறுநீரகம் பலவீனமானவர்கள் சிடி ஸ்கேனுக்காக ரத்தத்தில் செலுத்தும் சாயத்துக்குப் பயந்து பரிசோதனையையே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டாம்; பலருக்கு, ரத்த ஓட்டத்தை ஒலி அலைகளால் பார்க்கும் டாப்ளர் அல்ட்ராசவுண்டே போதும், மருத்துவரிடம் கேளுங்கள். திடீரென வயிறோ முதுகோ கடுமையாக வலித்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய், ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்திருப்பதை முதலில் சொல்லுங்கள்.