கையெழுத்து போட்டது அவள் தப்பாம்

மாடலிங் ஏஜென்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஏமாந்ததாக ஒரு பெண் வீடியோ போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே வந்த கமெண்ட்களை எல்லாம் படித்தேன். "படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டா இப்படித்தான்." மதுரையில் இத்தனை வக்கீல்கள் இருப்பது இதுவரை தெரியாமல் போச்சு. நீங்கள் எல்லாம் பேங்க் கடன் பத்திரத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீர்களாக்கும்.

கையெழுத்துப் போட்டபோது அவளுக்கு வயது 17. 18 ஆகாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே, அன்றைக்கு நமக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லியாச்சு. வக்கீல்களே, இதையும் படியுங்கள்.

வேலை வாங்கிக் கொடுத்து, வந்த சம்பளத்தில் கமிஷன் எடுப்பவர்தான் ஏஜென்சி. 15, 20 சதவீதம் என்பது வழக்கம். வீட்டு புரோக்கர்கூட வீடு அமைந்த பிறகுதான் கமிஷன் கேட்பார். ஒரு வேலையும் வராமலே போர்ட்ஃபோலியோ (வாய்ப்பு கேட்கும்போது காட்டும் போட்டோ ஆல்பம்), பதிவுக் கட்டணம், குரூமிங் கிளாஸ் (நடை, உடை, ஒப்பனைப் பாடம்) என்று கறப்பவர்களுக்கு அதுவே வருமானம். அப்புறம் எதற்கு உங்களுக்காக வேலை தேடப் போகிறார்கள்?

"போட்டோகிராபருக்குச் செலவு இல்லையா?" இருக்கிறது. ஆளை நான் தேடி, காசை நானே அவர் கையில் கொடுப்பேன். "எங்க ஸ்டூடியோவுலதான் எடுக்கணும்" என்றால் அது ஸ்டூடியோ வியாபாரம்.

"எல்லா ஏஜென்சியும் அப்படி இல்லை." சரி. நல்லவர்களுக்கு இந்தப் பதிவு ஏன் உறுத்த வேண்டும்?

நான் சுங்குடிச் சேலை விளம்பரத்துக்கு நின்றது ஆடித் தள்ளுபடிக்கு மட்டும். ஒப்பந்தத்திலும் மூன்று மாதம் என்றுதான் இருந்தது. சித்திரைத் திருவிழா வந்தும் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் முகம் தொங்கியது. கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டால், "நீட்டிக்கிறதுக்குத் தனியா காசு குடுத்துட்டேனேம்மா" என்கிறார். அந்தக் காசு ஏஜென்சியைத் தாண்டி வரவே இல்லை. அங்கே போய்க் கேட்டதற்கு, "ஊரே உங்களைப் பாக்குது, சந்தோஷப்படுங்க" என்றார்கள். விலகிய பிறகும் ஒரு வருடம் வேறு ஏஜென்சியில் சேரக் கூடாதாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி அப்படித் தடுப்பது செல்லாது. சொன்னேன். அன்றிலிருந்து நான் திமிர் பிடித்தவள்.

"நல்ல குடும்பத்துப் பொண்ணு இதுக்கெல்லாம் போவாளா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உங்கள் மகள் கல்யாணத்துக்கு நகை பார்க்கும்போது விளம்பரத்தில் இருந்தவள் யார் வீட்டுப் பெண் என்று கேட்டீர்களா? மும்பையிலிருந்து வருகிறவளுக்கு விமான டிக்கெட், ஹோட்டல். மதுரைக்காரிக்கு "உனக்கு நல்ல எக்ஸ்போஷர்மா". அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையா?

ஒப்பந்தம் கையில் இருக்கிறவர்கள் இன்பாக்ஸில் அனுப்புங்கள், தெரிந்த வக்கீல் அக்காவிடம் காட்டுகிறேன். கமெண்டில் வகுப்பு எடுக்க வருகிறவர்களை பிளாக் செய்வேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது.